பழைய லென்ஸைத் துடைக்கப் போகிறவர்களுக்கு

பழைய லென்ஸ்களுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. தாத்தாவின் பீரோவில் கிடந்த யாஷிகா மேட், பழைய சாமான் கடையில் அகப்பட்ட ஹீலியோஸ், யாரோ வெளியூரிலிருந்து அனுப்பிவைத்த டாக்குமார் என்று இளம்பிள்ளைகள் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறார்கள். மிரர்லெஸ் கேமராவில் ஒரு அடாப்டரை மாட்டிவிட்டால் அறுபது வருஷத்துக் கண்ணாடி இன்றைக்கும் அழகாகப் படம் எடுக்கும். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சார், இதை எதை வைத்துத் துடைக்கலாம்?" என்பதுதான். துடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் குறைவு. கேமரா ரிப்பேர் மேஜையிலேயே ஆயுளைக் கழித்தவன் நான். தூசியால் கெட்ட லென்ஸைவிடத் துடைத்ததால் கெட்ட லென்ஸைத்தான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

1. லென்ஸ் கைக்கு வந்த அன்றைக்குத் துடைக்காதீர்கள், பாருங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்றைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் நேராகக் கண்ணில் பட வேண்டாம். புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி. கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் மெல்லிய இழைகள் பூஞ்சை, அதாவது கேமராக்காரர்கள் சொல்லும் ஃபங்கஸ். கண்ணாடி முழுக்க ஒரே சீராக மங்கியிருந்தால் அது ஹேஸ்: ஃபோகஸ் ரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்கண்ணாடியில் படிந்தது பெரும்பாலும். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் சேர்த்து ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் விட்டுப்போகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ அவசரமாகத் துடைத்திருக்கிறார். பழைய ஜெர்மன் லென்ஸ்களில் ஊசிமுனை அளவுக்கு ஒன்றிரண்டு காற்றுக் குமிழ்கள் இருக்கும். அவை கண்ணாடி வார்த்தபோதே உள்ளே தங்கியவை, படத்துக்கு ஒன்றும் செய்யாது. இந்த ஆறுக்கும் வைத்தியம் வேறு வேறு. சிலவற்றுக்கு வைத்தியமே வேண்டாம்.

2. பிறகு படம் எடுங்கள். வெறும் வானத்தை எஃப் 16-இல் ஒன்று, எதிர்வெயிலில் ஒரு மரத்தை அப்பர்ச்சர் முழுக்கத் திறந்து ஒன்று. முதல் படத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் லென்ஸின் பின்கண்ணாடியையும் சென்சாரையும் சந்தேகப்படுங்கள். இரண்டாவது படம் பால் ஊற்றியது மாதிரி வெளுத்திருந்தால் ஹேஸோ ஃபங்கஸோ வேலை செய்கிறது. முன்கண்ணாடித் தூசி ஃபோகஸுக்கு வெகு தூரத்தில் இருப்பதால் படத்தில் விழுவதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தப் பழைய லென்ஸும் பயமுறுத்தத்தான் செய்யும். இரண்டு படமும் நன்றாக வந்திருந்தால் மூடியைப் போட்டுவிட்டு லென்ஸைப் பயன்படுத்துங்கள். மீதி அறிவுரைகளை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

3. லென்ஸின் வயது தெரியாமல் எந்தத் திரவத்தையும் திறக்காதீர்கள். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 1902-இல் ஜெய்ஸ் நிறுவனத்துக்காக பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸாரில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஃபிலிமைச் சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கு ஒளி போய்விடுகிறது. போனது போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை, லென்ஸுக்குள்ளேயே எதிரொளித்துப் படத்தையும் வெளுக்கச் செய்கிறது. 1935-இல் அதே ஜெய்ஸில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடிமேல் மிக மெல்லிய படலம் ஏற்றி இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது பொதுமக்கள் வாங்கும் கேமராக்களில் பரவியது. அந்தப் படலத்தைத்தான் கோட்டிங் என்கிறோம். மக்னீசியம் ஃப்ளோரைடால் ஆன ஒற்றைக் கோட்டிங்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் துடைப்பது அதைத்தான் என்பது கை வைக்கும்போதெல்லாம் நினைவிலிருக்கட்டும்.

ஆரம்ப காலக் கோட்டிங்குகள் மிகவும் மென்மையானவை. பின்னால் கண்ணாடியைச் சூடாக்கி ஏற்றக் கற்றுக்கொண்ட பிறகுதான் அவை கெட்டிப்பட்டன. 1971-இல் அசாஹி பென்டாக்ஸ் கொண்டுவந்த சூப்பர் மல்டி கோட்டட் டாக்குமார் போன்ற பல அடுக்குக் கோட்டிங்குகள் நிதானமான துடைப்பைத் தாங்கும். போரை ஒட்டி வந்த ஜெய்ஸ் லென்ஸில் சிவப்பு 'டி' எழுத்தோ, கோடக் லென்ஸில் வட்டத்துக்குள் 'எல்' எழுத்தோ இருந்தால் கோட்டிங் உண்டு, ஆனால் பழையது, பதனமாகக் கை வைக்க வேண்டியது. வெளிப்பக்கம் கெட்டியாக இருந்து உள்பக்கக் கோட்டிங் மட்டும் மென்மையாக இருக்கும் லென்ஸ்களும் உண்டு. 1933-இல் லைக்காவுக்கு வந்த ஸும்மாருக்குக் கோட்டிங்கே கிடையாது, முன்கண்ணாடியும் மிருதுவான ரகம். இன்றைக்குக் கீறல் விழாத ஸும்மார் கிடைப்பது அபூர்வம். அவ்வளவும் சட்டையாலும் கைக்குட்டையாலும் துடைத்தவர்கள் போட்ட கீறல்கள்.

இன்னொன்று. கோட்டிங் இல்லாத மிகப் பழைய கண்ணாடியில் நீலமோ ஊதாவோ ஓடிய ஒரு நிற மாற்றம் தெரிந்தால் அதை அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர், இப்படி நிறம் மாறிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுகின்றன என்று கவனித்தார். காலம் தானாகப் போட்டுக்கொடுத்த கோட்டிங் அது. அதையே செயற்கையாக உண்டாக்க 1904-இல் அவர் காப்புரிமையும் எடுத்தார். அப்படிப்பட்ட கண்ணாடியைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

4. காற்று, பிரஷ், அப்புறம்தான் ஈரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நம் தெருத் தூசியில் மணல்துகள் கலந்திருக்கும். மணல் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7, கண்ணாடிக்கு அதற்கும் கீழேதான். தூசி இருக்கும்போது துணியை வைத்துத் தேய்த்தால் அந்த மணலைக் கொண்டு நீங்களே கோடு போடுகிறீர்கள். லென்ஸின் முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் விளிம்பைச் சுற்றி ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம், சமயத்தில் உள்ளிருக்கும் திரவமே சில்லென்று கண்ணாடிமேல் பீய்ச்சிவிடும். ஊதியும் போகாததை மெல்லிய ஆட்டு மயிர் பிரஷ்ஷால் தட்டாமல் தள்ளிவிடுங்கள். பிரஷ் முனையைக் கை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தோலின் எண்ணெய் முனையில் ஏறி, அங்கிருந்து கண்ணாடிக்குப் போகும்.

5. துடைப்பதென்று முடிவு செய்துவிட்டீர்களா? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்கார வேண்டாம். மேஜைமேல் துவைத்த வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள்.

லென்ஸ் டிஷ்யூத் தாள் ஒன்றை எடுத்து இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, மடிப்பு முனை முன்னால் வரும்படி பிடியுங்கள். கண்ணாடியைத் தொடப்போகும் அந்த முனையில் உங்கள் விரல் படக்கூடாது. திரவத்தை ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, தாளின்மேல் விடுங்கள். கண்ணாடிமேல் விடவே கூடாது. விட்டால் அது விளிம்பு வளையத்தின் இடுக்கில் இறங்கி, கண்ணாடியின் ஓரத்தில் பூசியிருக்கும் கறுப்புச் சாயத்தைக் கரைத்து, உள்ளே போய்க் காய்ந்து கறையாக நிற்கும். ஈரம் தாளில் பரவ ஒரு விநாடி கொடுத்துவிட்டு, நடுவில் ஆரம்பித்து வட்டம் சுற்றிக்கொண்டே விளிம்புக்கு வாருங்கள். குழந்தையின் கண்ணோரத்தில் கலைந்த மையைத் துடைக்க என்ன அழுத்தம் கொடுப்பீர்களோ அதற்குமேல் வேண்டாம். விளிம்பை அடைந்ததும் தாளைத் தூக்கிவிடுங்கள். சேர்ந்த அழுக்கு அந்தக் கடைசி வட்டத்தில்தான் இருக்கும், அதை மறுபடி நடுவுக்கு இழுத்து வரக்கூடாது. அந்தத் தாளின் வேலை முடிந்தது, எறியுங்கள். ஈரம் கோடு கோடாகக் காயும் முன் இன்னொரு புதிய தாளால் அதே வட்டத்தை ஒருமுறை சுற்றுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூன்று தாளுக்கும் அசையாத ஒன்று நான்காவது தாளுக்கும் அசையப்போவதில்லை. அது அழுக்காக இருக்காது, நிறுத்திவிடுங்கள்.

மைக்ரோஃபைபர் துணி நல்லதுதான். ஆனால் பாக்கெட்டிலும் கேமராப் பையிலும் மாதக்கணக்கில் கிடந்த துணி மணலைச் சுமந்துகொண்டிருக்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் அலசி, மூடிய கவரில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்மையான கோட்டிங்குக்கு நான் துணியையே பயன்படுத்துவதில்லை.

6. திரவங்களில் முதலில் வாங்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். எச்சில் தெறிப்பு, வியர்வை உப்பு, மழைத்துளிக் கறை ஆகியவை தண்ணீரில்தான் கரையும். விரல்ரேகை மாதிரி எண்ணெய்ப் பிசுக்குக்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் ஸ்பிரிட் என்று கேட்டால் கிடைப்பதில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம், காய்ந்தபின் படலம் விடும். குப்பியின் லேபிளைப் படித்து வாங்குங்கள். ஹோல்கா, டயானா போன்ற பிளாஸ்டிக் லென்ஸ் கேமராக்களுக்கு ஆல்கஹாலே ஆகாது. சில பிளாஸ்டிக்குகளில் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும். அவற்றுக்குத் தண்ணீர் போதும். ஐசோபுரோப்பைல் எளிதில் தீப்பிடிக்கும், பூஜை விளக்கு இருக்கும் அறையில் திறக்காதீர்கள்.

7. எந்தத் திரவம் முதலில் என்பது என்ன அழுக்கு என்பதைப் பொறுத்தது. கும்பகோணம் பக்கத்துக் கல்யாணப் போட்டோகிராபர் ஒருவர் தம் யாஷிகா மேட்டைக் கொண்டுவருவார். படமெடுக்கும் கீழ் லென்ஸில் பழுப்பாக ஒரு பூச்சு ஏறியிருக்கும். ஹோமகுண்டத்துக்கு எதிரே மண்டியிட்டுப் படமெடுத்தால் வேறென்ன ஆகும்? நெய்ப்புகையின் கொழுப்பும் சமித்துக் கரியும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இதற்குப் பிரஷ் போடக்கூடாது, கரி இழுபட்டு அப்பிக்கொள்ளும், பிரஷ்ஷும் வீணாகும். தண்ணீரும் உருண்டு ஓடும். ஊதியபின், ஆல்கஹால் நனைத்த தாளை அசைக்காமல் கண்ணாடிமேல் சில விநாடி படுக்கவைத்து, நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். முதல் தாள் காவிப் பழுப்பாக வரும். அடுத்தது வைக்கோல் நிறத்தில் வரும். அதற்கடுத்தது வெள்ளையாக வந்தால், அப்போதுதான் மேலே சொன்னபடி வட்டம் சுற்றித் துடைக்கலாம்.

மெரினாவிலோ தனுஷ்கோடியிலோ படமெடுத்துவிட்டு வந்தால் இதற்கு நேர்மாறு. உப்பு ஆல்கஹாலில் கரையாது, தேய்த்தால் படிகம் படிகமாக உரசும். முதலில் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த தாளைப் படுக்கவைத்து உப்பைக் கரைத்தெடுங்கள், பிறகு ஆல்கஹால். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர்த் துளிக்கும் தண்ணீர்தான் முதலில்.

8. வேட்டி நுனி, முந்தானை, முகம் துடைக்கும் டிஷ்யூ, பல்பசை, விபூதி, ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர், கிளிசரின் கலந்த சானிடைசர் எதையும் லென்ஸ் பக்கம் கொண்டுவராதீர்கள்.

9. இனி ஃபங்கஸ். நம் கடற்கரை ஊர்களில் பழைய லென்ஸுக்கு இதுதான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது வளரும். கண்ணாடியை அது தின்பதில்லை. தூசி, நார், கிரீஸ் ஆகியவற்றைத் தின்று, அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம்தான் முதலில் கோட்டிங்கையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கிறது. புதிதாக வந்த ஃபங்கஸ் ஆல்கஹால் தாளிலேயே வந்துவிடும். நாள்பட்டது வந்தாலும், அது படர்ந்த வடிவம் கண்ணாடியில் பொறித்தது மாதிரி அப்படியே நிற்கும். அந்தத் தடத்தைப் போக்க எந்தத் திரவத்தாலும் முடியாது. தடம் தெரிகிறதே என்று மேலும் மேலும் தேய்ப்பவர்கள் நல்ல கோட்டிங்கையும் சேர்த்து இழக்கிறார்கள்.

ஆல்கஹாலுக்கு மசியாத ஃபங்கஸுக்கு ரிப்பேர்க்காரர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடில் சில சொட்டு அமோனியா கலந்து பயன்படுத்துவது உண்டு. மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று கிடைக்கும் பெராக்சைடு 6 சதவீதம். அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 சதவீதமாகும், அது போதும். ஜன்னல் திறந்த அறையில், கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அப்போதைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கலந்ததை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து குப்பி வெடிக்கும். பிளீச்சிங் சம்பந்தப்பட்ட எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை. கழற்றி எடுத்த தனிக் கண்ணாடிக்கு மட்டும்தான் இந்தக் கலவை. இரண்டு சேர்த்து ஒட்டிய கண்ணாடிக்கும், மென்மையான பழைய கோட்டிங்குக்கும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். ஓரிரு நிமிடம் வைத்து, டிஸ்டில்டு வாட்டரால் எடுத்து, ஆல்கஹாலால் முடியுங்கள்.

ஃபங்கஸ் வந்த லென்ஸோடு வைத்தால் மற்ற லென்ஸுக்கும் ஒட்டுமா என்று கவலைப்படுகிறார்கள். அதன் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் ஏற்கனவே மிதக்கின்றன. ஈரம் இல்லாவிட்டால் அவற்றால் முளைக்க முடியாது. நீங்கள் பயப்பட வேண்டியது தோல் உறையைப் பார்த்து. யாஷிகாவோடும் ரோலைஃபிளெக்ஸோடும் வந்த அந்த அழகான தோல் உறை ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், ஃபங்கஸுக்குச் சாப்பாடாகவும் இருக்கும். உறையைத் தனியாகக் காற்றாட வையுங்கள். கேமராவை அதற்குள் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள்.

10. கண்ணாடி மஞ்சளாக இருந்தால் தேய்க்க வேண்டாம். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டாக்குமார் 50 எம்.எம். எஃப் 1.4, கோடக் ஏரோ எக்டார் போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஒளியை நன்றாக வளைக்கும், நிறச் சிதறல் குறைவு என்பதற்காகச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சால் கண்ணாடியே உள்ளுக்குள் தேன் நிறமாகிவிடும். புற ஊதா ஒளி பட்டால் அது தெளியும். யூ.வி. எல்.இ.டி. விளக்கின் கீழ் சில நாட்கள் வையுங்கள், அந்த விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். வெயிலில் வைத்தாலும் தெளியும், ஆனால் ஜன்னலோரம் வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். திறந்த லென்ஸ் சூரியனைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கும். அலுமினியத் தாளால் பின்பக்கத்தை மூடி, சிமென்ட் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருங்கள். இந்த லென்ஸால் படமெடுப்பதில் பயமில்லை. அதைப் பாலிஷ் போடுவது, உரசுவது, உடைந்த துண்டைக் கையாளுவது கூடாது, பொடி மூச்சில் போகும். கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் லூப்பாகவும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

11. விளிம்பில் வானவில் தெரிந்த லென்ஸை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய லென்ஸ்களில் கண்ணாடிகளை ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசின். சூட்டில் இளகும், கரைப்பான்களில் கரையும். ஹேர் டிரையர், வெந்நீர், அசிட்டோன் மூன்றும் அதற்கு எமன். பிரித்து மறுபடி ஒட்டுவது முறையாகக் கற்றவர் வேலை. விளிம்பில் மட்டும் விட்டிருந்தால், இரண்டு ஸ்டாப் அப்பர்ச்சரைக் குறைத்து எடுத்தாலே படத்தில் பெரும்பாலும் தெரியாது.

12. லென்ஸைக் கழற்றுவது வேறு வித்தை. ஆசை இருந்தால் தாத்தாவின் லென்ஸில் ஆரம்பிக்காதீர்கள். ஹீலியோஸ் 44-2 ஒன்று வாங்குங்கள். ஜெய்ஸின் பயோட்டார் 58 எம்.எம். லென்ஸைப் பின்பற்றி சோவியத் நாட்டில் ஏராளமாகச் செய்யப்பட்டது, உள்ளமைப்பு எளிது, ஆட்டோ அப்பர்ச்சர் கம்பிகளின் சிக்கல் கிடையாது. அதைப் பலமுறை கழற்றி மாட்டுங்கள். ஜப்பான் லென்ஸ்களின் திருகு சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். முன்வளையத்தைத் திருப்ப ரப்பர் கூம்பு, உள்வளையத்துக்குக் கூர் இரண்டும் நழுவாத லென்ஸ் ஸ்பேனர். கத்தரிக்கோலின் இரண்டு முனைகளை ஸ்பேனராகப் பயன்படுத்தியதால் குறுக்காகக் கீறிய முன்கண்ணாடிகளைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் போனில் ஒரு படம் எடுங்கள். கண்ணாடி எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று விளிம்பில் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். இரண்டு பக்க வளைவும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றாக இருக்காது. இடையில் இருக்கும் மெல்லிய வளையங்களைத் தொலைக்காதீர்கள், கண்ணாடிகளின் இடைவெளியே அவைதான். ஃபோகஸ் ரிங்கோடு சுழலும் மரையான ஹெலிகாய்டைப் பிரிக்க நேர்ந்தால் மரை விடுபடும் அந்த இடத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். அதில் பல மரைகள் தொடங்குகின்றன, தவறான மரையில் ஏற்றிவிட்டால் ஃபோகஸ் இன்ஃபினிட்டிக்குப் போகாது. அக்ஃபா ஐஸோலெட் மாதிரி மடக்கு கேமராக்களில் முன்கண்ணாடியைச் சுற்றித்தான் ஃபோகஸ் செய்வார்கள். அதிலிருக்கும் பச்சை கிரீஸ் இப்போது கோந்தாக இறுகியிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் இரண்டு பாகம் சேர்ந்து கழன்று வரும். லைட்டர் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் காட்டி ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் வழி.

13. அப்பர்ச்சர் பிளேடில் எண்ணெய் தெரிந்தால் அது எந்த லென்ஸ் என்று பாருங்கள். கையால் திருப்பும் ஹீலியோஸில் எண்ணெய் இருந்தால் பாதகமில்லை. ஷட்டர் அழுத்தும்போது தானே மூடும் லென்ஸில் பிளேடு மந்தமாகி எல்லாப் படமும் வெளுக்கும். மைக்ரோ நிக்கோர் 55 எம்.எம். எஃப் 2.8 இதற்குப் பேர்போனது. கண்ணாடியைக் கழற்றாமல் லைட்டர் திரவத்தை உள்ளே ஊற்றுபவர்கள் உண்டு. எண்ணெய் கரைந்து பரவி, கண்ணாடியில் ஹேஸாகத் திரும்பி வரும். பிளேடுகள் உலர்ந்தே ஓட வேண்டியவை, அவற்றுக்கு எண்ணெய் போடாதீர்கள்.

14. கீறலை யாரும் துடைத்து எடுக்க முடியாது. மெல்லிய கீறல்களுக்கு ஒரு நல்ல ஹூட் மாட்டுங்கள், பக்க வெளிச்சம் விழாவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே ஒரு ஆழமான வெட்டு இருந்தால், அதனுள் மட்டும் மிக நுண்ணிய பிரஷ்ஷால் மங்கல் கறுப்பு மையை நிரப்புங்கள். ஒளியைச் சிதறவிடாமல் அந்த இடம் இருட்டாகிவிடும், படத்தில் தெரியாது. பாலிஷ் போட்டுப் புதுக் கோட்டிங் ஏற்றித் தருவதாகச் சொல்பவரிடம், வளைவு மாறாமல் எப்படிப் பாலிஷ் போடுவீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

15. வைக்கும் இடம். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி, இவை போதும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் அலமாரியில் ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு வைப்பார்கள், அந்தச் சூடும் ஈரத்தை அடக்கும். அரிசிப் பானைக்குள் லென்ஸை வைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போகும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் பொறுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் நீர் கோக்கும், அது உள்கண்ணாடியிலும் கோக்கும்.

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், சிலிகா ஜெல்லை அவனில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் வறுத்து ஆறவைத்து மாற்றிவிடுங்கள். நிறம் மாறும் ரகம் என்றால் நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ ஆகும்போதே தெரிந்துவிடும். மழை மாதங்களில் லென்ஸை அவ்வப்போது எடுத்து, ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் முழுக்க ஒருமுறை திருப்பி, பகல் வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துவிட்டு வையுங்கள். தை பிறந்ததும் எல்லா லென்ஸையும் வெளியே எடுத்து, முதல் எண்ணில் சொன்னபடி டார்ச் அடித்துப் பாருங்கள். இழை தெரிந்தால் ஒன்பதாம் எண்ணுக்குப் போங்கள். வெறும் தூசி என்றால் மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.